மண்வெட்டி பிடித்த மிஷன் கோஷ்டிகள்

ஒரு வாரமோ பத்து நாளோ லீவு போடுவது. சொந்தக் காசிலோ, சபையார் வசூலித்துக் கொடுத்த காசிலோ டிக்கெட் வாங்குவது. பாஷை தெரியாத தேசத்தில் போய் இறங்கி, முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுச் சேற்றை அள்ளிக் கொட்டுவது. பிறகு ஊர் திரும்பி, திங்கட்கிழமை காலை வழக்கம்போல் ஆபீசில் கையெழுத்துப் போடுவது. கிறிஸ்தவ சபைகளில் இதற்குக் 'குறுகிய கால மிஷன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

2011-ஆம் ஆண்டு ஜப்பானின் வடகிழக்குக் கரையைச் சுனாமி துடைத்துப் போட்ட பிறகு, இப்படிப்பட்ட கோஷ்டிகள் பல தேசங்களிலிருந்து அங்கே போயின. அமெரிக்காவிலிருந்து போனார்கள், தென் கொரியாவிலிருந்து போனார்கள், சிங்கப்பூரிலிருந்தும் போனார்கள். ஜப்பானிலேயே தோக்கியோ, ஒசாகா சபைகளிலிருந்து போனவர்களும் அநேகர். இவர்களால் அந்த ஜனங்களுக்கு நன்மை உண்டானதா, அல்லது போய் வந்தவர்களுக்கு மன திருப்தி கிடைத்ததோடு சரியா? இந்தக் கேள்வியை ஜப்பானியர்களும் கேட்டார்கள், கிறிஸ்தவர்களே தங்களுக்குள்ளும் கேட்டுக்கொண்டார்கள். ஜப்பானில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான். ஆகவே அங்கே இந்தக் கேள்விக்கு நம் ஊரில் இல்லாத ஒரு கூர்மை உண்டு.

வெள்ளிக்கிழமை பிற்பகல்

அன்று மார்ச் 11, வெள்ளிக்கிழமை. ஜப்பான் நேரப்படி பிற்பகல் 2 மணி 46 நிமிடத்துக்குக் கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது. அளவு 9. ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலான இடங்களில் அலை கரையேறிவிட்டது. மியாகி, இவாத்தே, புகுஷிமா ஆகிய மூன்று மாகாணங்களுக்கும் பலத்த அடி. சுமார் 15,900 பேர் இறந்தார்கள். 2,500 பேருக்கு மேல் இன்றுவரை அகப்படவில்லை. ஒரு கட்டத்தில் வீட்டை விட்டு வெளியேறி நின்றவர்கள் 4,50,000-க்கு மேல். புகுஷிமா அணுமின் நிலையத்தில் நடந்தது தனிக் கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

நாகப்பட்டினம், கடலூர், குளச்சல் பக்கத்திலிருந்து இங்கே பிழைக்க வந்திருக்கும் நம்மவர்களுக்குச் சுனாமி என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு அந்த ஜப்பானியச் சொல் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது.

மியாகி மாகாணத்தில் இஷினோமாக்கி என்று ஒரு துறைமுக நகரம் உண்டு. சுமார் 1,60,000 ஜனத்தொகை. மீன்பிடிப்பும் மீன் பதனிடும் தொழிற்சாலைகளும்தான் பிழைப்பு. அந்த ஒரு நகரத்தில் மட்டும் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாகக் கிட்டத்தட்ட 4,000 பேர். அந்த ஊரில் உள்ளூர்த் தினசரி ஒன்று இருக்கிறது. அச்சு இயந்திரம் தண்ணீரில் போய்விட்டது. நிருபர்கள் பெரிய காகிதத்தில் கையாலேயே செய்தி எழுதி, முகாம் சுவர்களில் ஒட்டினார்கள். ஆறு நாள் அப்படியே பத்திரிகை நடந்தது. விஷயத்துக்கு இது புறம்பானதுதான். ஆனாலும் பத்திரிகைக்குச் செய்தி எழுதி அனுப்புகிறவன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

ரெயில்வேக்காரன் என்ற முறையிலும் ஒன்று சொல்ல வேண்டும். பூமி அதிர்ந்த நேரத்தில் தோஹோகு அதிவேகப் பாதையில் ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் எல்லாம், கடற்கரையில் வைத்திருந்த கருவி கொடுத்த எச்சரிக்கையால் தாமாகவே பிரேக் பிடித்து நின்றன. பயணிகளில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. தூண்கள் வெடித்து, மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்த பாதையை 49 நாளில் சீர்செய்து ஏப்ரல் 29-ந் தேதி முழுவதும் வண்டி விட்டார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது சன்ரிக்கு ரெயில்வே என்ற சின்னக் கம்பெனி செய்த காரியம். கடலோரமாக ஓடும் பாதை அது. பல இடங்களில் தண்டவாளமே இல்லை. ஆனாலும் ஐந்தாம் நாள், மார்ச் 16-ந் தேதி, கூஜி ஊரிலிருந்து ஒரு சிறு தூரத்துக்கு வண்டியை ஓட்டிக் காட்டினார்கள். டிக்கெட் கிடையாது, இலவசம். அந்தப் பாதை முழுவதும் திறக்க 2014 ஏப்ரல் ஆயிற்று.

போகுமுன் விதிகள்

ரெயில் வராத அந்த முதல் வாரங்களில் தொண்டர்கள் தோக்கியோவிலிருந்து ராத்திரி பஸ்ஸிலும் வேனிலும்தான் போனார்கள். செண்டாய் நகரம் சுமார் 350 கிலோமீட்டர். தொண்டர் என்று அத்தாட்சி காட்டினால் நெடுஞ்சாலைச் சுங்கம் தள்ளுபடி. ஆனால் போகிறவர்களுக்குக் கண்டிப்பான விதி ஒன்று இருந்தது: சாப்பாடு, குடிதண்ணீர், படுக்கை எல்லாம் நீயே கொண்டு வா, அகதிக்கு வந்த சோற்றில் கை வைக்காதே, உன் குப்பையை நீயே திருப்பி எடுத்துப் போ. ஒவ்வொரு ஊரிலும் சமூக நல மன்றம் ஒன்று தொண்டர் மையம் நடத்தியது. அங்கே பெயர் கொடுத்து, சில நூறு யென் கட்டி இன்ஷூரன்ஸ் எடுத்தால்தான் வேலை. இஷினோமாக்கியில் ஒரு பல்கலைக்கழக மைதானமே கூடாரங்களால் நிறைந்திருந்தது.

கிறிஸ்தவர்கள் தங்கள் வழியிலும் ஏற்பாடு செய்தார்கள். கத்தோலிக்கர்களின் காரித்தாஸ் ஜப்பான், செண்டாய் மறைமாவட்டத்தோடு சேர்ந்து இஷினோமாக்கி, யோனேகாவா, காமாயிஷி, ஓட்சுச்சி ஆகிய இடங்களில் தொண்டர் முகாம்கள் அமைத்தது. பிராட்டஸ்டண்டுகளில் 'கிராஷ்' என்ற ஜப்பானிய நிவாரண அமைப்பு, வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய கோஷ்டிகளை உள்ளூர் சபைகளோடு இணைத்துவிட்டது. அமெரிக்காவின் சமாரிட்டன்ஸ் பர்ஸ் ஒரு சரக்கு விமானம் நிறையப் பொருள் அனுப்பிற்று. செண்டாய் நகரப் பாதிரியார்கள் பல சபைகளிலிருந்தும் கூடி 'தோஹோகு ஹெல்ப்' என்று ஒரு கூட்டமைப்பு தொடங்கினார்கள்.

வெளிநாட்டுக் கோஷ்டி என்றால் அதில் ஆசிரியர், மாணவர், ரிட்டயரானவர், தச்சர் எல்லாரும் உண்டு. ஆஸ்பத்திரி வேலை தெரிந்தவருக்கும், ஜப்பானிய பாஷை தெரிந்தவருக்கும்தான் கிராக்கி. மற்றவர்களுக்கு மண்வெட்டி.

சேறு

மண்வெட்டி என்றால் ஏதோ பத்திரிகைப் படத்துக்குப் பிடித்து நிற்பது என்று நினைத்துவிடக் கூடாது. மும்பையில் 2005 ஜூலை 26-ந் தேதி ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிற்றே, அப்போது குர்லாவிலும் காலினாவிலும் தரைத்தள வீடுகளில் தண்ணீர் வடிந்த பிறகு என்ன மிஞ்சியது என்று பார்த்தவர்களுக்கு ஓரளவு புரியும். ஜப்பானில் வந்தது கடலின் அடி மண்டி. கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, நாற்றமடிக்கும் சேறு. 'ஹெதோரோ' என்பார்கள். இஷினோமாக்கியில் மீன் தொழிற்சாலைகளின் குளிர்பதனக் கிடங்குகள் உடைந்து, இருந்த மீனெல்லாம் தெருவில் சிதறி அழுகிப் போயிற்று. வெயில் காலம் வந்ததும் ஈ.

அலையில் அடித்துப் போகாமல், நீர் புகுந்து மட்டும் நின்ற வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றைக் காப்பாற்ற முடியும். ஆனால் வேலை கொஞ்சநஞ்சமல்ல. முதலில் நனைந்த சாமான்களை வெளியேற்ற வேண்டும். ஜப்பானிய வீட்டுத் தரையில் வைக்கோல் அடைத்த தடித்த பாய் போட்டிருப்பார்கள்; 'தத்தாமி' என்பது அதன் பெயர். தண்ணீர் குடித்த தத்தாமி ஒன்றைத் தூக்க நாலு பேர் வேண்டும். பிறகு தரைப் பலகைகளைப் பெயர்த்து, அடியில் தவழ்ந்து போய், தேங்கிய சேற்றை வாரிச் சாக்கில் கட்டி வெளியே அனுப்ப வேண்டும். சுவரின் உட்பக்கம் நனைந்த பஞ்சை அறுத்தெடுக்க வேண்டும். கழுவ வேண்டும், காய வைக்க வேண்டும், சுண்ணாம்புத் தூள் தூவ வேண்டும். ஆணி குத்தாமலிருக்க ரப்பர் பூட்ஸுக்குள் இரும்புத் தகடு, தூசிக்கு முகமூடி. பத்துப் பேர் சேர்ந்தாலும் ஒரு வீட்டுக்குப் பல நாள் ஆகும்.

வீட்டுக்காரர் பெரும்பாலும் வயதானவர். பிள்ளைகள் செண்டாயிலோ தோக்கியோவிலோ இருப்பார்கள். 'என்னால் முடியாது, இடித்துவிடலாம்' என்று உட்கார்ந்திருந்த மனிதரின் வாசலில் பத்துப் பேர் வந்து இறங்கினால் நிலைமை மாறும். சேறு போவது ஒன்று. இந்த வீடு இனி வீடுதான் என்ற எண்ணம் அவருக்குத் திரும்பி வருவது இன்னொன்று. ஒரு வாரத்தில் வந்து போகிறவர்களால் உருப்படியாக என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் நேரான பதில் என்று எனக்குத் தோன்றுகிறது. சேறு அள்ளப் பாஷை வேண்டாம், பட்டமும் வேண்டாம்.

அள்ளும்போது ஒரு விதி: கண்ணை மூடிக்கொண்டு குப்பையில் போடாதே. போட்டோ, பள்ளிக்கூடப் பை, பாங்குப் புத்தகம், 'இஹாய்' ஆகியவற்றைத் தனியே எடுத்து வை. இஹாய் என்பது இறந்த பெரியவர்களின் பெயர் எழுதி, வீட்டுப் புத்த பீடத்தில் வைத்துக் கும்பிடும் சிறு பலகை. மற்றச் சமயத்தில் இதைப் பற்றிக் கிறிஸ்தவ சபைகளுக்குள் நீண்ட வாதங்கள் உண்டு. சேற்றில் நிற்கும்போது வாதத்துக்கு இடமில்லை. துடைத்து வீட்டுக்காரர் கையில் கொடுக்க வேண்டியதுதான்.

போட்டோக்களைக் கழுவுவதே தனி வேலையாக நடந்தது. லட்சக்கணக்கான படங்கள். கல்யாணப் படம், குழந்தைப் படம், யாருடையது என்றே தெரியாத படம். நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, கயிற்றில் கிளிப் போட்டுக் காயவைத்து, ஊர் மண்டபத்தில் பரப்பி வைத்தார்கள். ஆட்கள் வந்து தேடி எடுத்துப் போனார்கள். வீடு போய், மனைவியும் போய், ஒரு படம் மட்டும் கிடைத்தவருக்கு அந்தப் படத்தின் விலை என்ன? இஷினோமாக்கியில் ஒரு மீன் டின் கம்பெனியின் சரக்கு முழுவதும் சேற்றில் புதைந்திருந்தது. அதைத் தோண்டியெடுத்துக் கழுவி, லேபில் இல்லாமலே விற்றுக் கொடுத்தார்கள் தோக்கியோ நண்பர்கள். கம்பெனி பிழைத்தது.

பிரசங்கம் பண்ணலாமா?

இனிதான் தலைவலியான விஷயம். மிஷன் என்று பெயர் வைத்துக்கொண்டு போகிறவர்கள் சுவிசேஷம் சொல்லத்தானே ஆசைப்படுவார்கள்? சில வெளிநாட்டுக் கோஷ்டிகள் அரிசி மூட்டையோடு துண்டுப் பிரசுரமும் கொடுத்தன. முகாமில் பாட்டுக் கச்சேரி நடத்தி ஜெபத்தில் முடித்தவர்களும் உண்டு. ஜனங்கள் மரியாதைக்குத் தலை குனிந்து வாங்கிக்கொண்டார்கள். தோஹோகு ஜனங்கள் வாய் பேசாதவர்கள், பொறுமைசாலிகள் என்று ஜப்பானில் பெயர் பெற்றவர்கள். ஆனால் பொறுமை சம்மதமாகிவிடாது.

அங்கே இதற்குப் பின்னணி இருக்கிறது. 1995 மார்ச்சில் ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் கூட்டம் தோக்கியோ சுரங்க ரெயிலில் விஷவாயு விட்டது. அதிலிருந்து, தேடி வந்து மதம் பேசுகிறவர் யாராக இருந்தாலும் ஜப்பானியர் ஓரடி பின்வாங்குவார்கள். தவிர, முகாம்கள் நடந்தவை அரசாங்கப் பள்ளிகளில். அரசியல் சட்டத்தின் 20-ஆவது ஷரத்துப்படி அரசுக்கும் மதத்துக்கும் இடையே கோடு போட்டிருக்கிறார்கள். அங்கே புத்த பிக்குவே சூத்திரம் ஓதத் தயங்க வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கரைக்கும் கிறிஸ்தவத்துக்கும் பழைய சம்பந்தம் ஒன்றும் உண்டு. 1611-ல் இதே கரையில் ஒரு பெரிய சுனாமி வந்தது. அதற்கு இரண்டு வருஷத்துக்குள், 1613-ல், செண்டாய் பிரபு தாத்தே மசாமுனே பெரிய கப்பல் ஒன்றைக் கட்டி, ஹசேகுரா சுனேநாகா என்ற தம் வீரரை ஸ்பெயினுக்கும் ரோமாபுரிக்கும் தூது அனுப்பினார். கப்பல் கிளம்பிய சுகிநோஉரா துறை இன்றைய இஷினோமாக்கி எல்லைக்குள் இருக்கிறது. ஹசேகுரா மாட்ரிட் நகரில் ஞானஸ்நானம் பெற்றார். 1620-ல் அவர் திரும்பி வந்தபோது ஜப்பானில் கிறிஸ்தவ மதமே தடை செய்யப்பட்டிருந்தது. அந்தத் தடை அறிவிப்புப் பலகைகள் இறங்கியது 1873-ல்தான். அதற்குப் பிறகு 1880-ல் கட்டிய ஆர்த்தடாக்ஸ் மரக் கோவில் ஒன்று இஷினோமாக்கியில் ஆற்றின் நடுத்திட்டில் நிற்கிறது. 2011 அலை அதற்குள்ளும் புகுந்தது; கோவில் விழவில்லை. பிறகு பழுது பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள்.

ஆகவே உள்ளூர்ப் பாதிரியார்கள் பலர் வெளிநாட்டுக் கோஷ்டிகளுக்கு முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: நீங்கள் பத்து நாளில் போய்விடுவீர்கள், நாங்கள் இங்கேயே இருக்க வேண்டியவர்கள். கேட்டால் பதில் சொல்லுங்கள், கேட்காத இடத்தில் வேலையைப் பாருங்கள். என் அபிப்பிராயத்தில் இது மிகவும் நியாயமான நிபந்தனை. துக்க வீட்டில் நின்றுகொண்டு, சோறு போட்ட கையாலேயே மதத்தையும் நீட்டினால், வாங்குகிறவனுக்கு வேண்டாம் என்று சொல்லச் சுதந்திரம் இல்லை. நன்றிக்காகத் தலையாட்டுவதை விசுவாசம் என்று கணக்கெழுதி ஊருக்கு ரிப்போர்ட் அனுப்புவது, கொடுத்தவருக்கும் கௌரவமில்லை, வாங்கினவருக்கும் இல்லை.

வேறு ஒரு வழியும் அங்கே பிறந்தது. செண்டாய் நகரின் குஸுஓகா மயானத்தில், பிணங்கள் வந்து குவிந்த நாட்களில், புத்த பிக்குகளும் கிறிஸ்தவப் பாதிரியார்களும் சேர்ந்து நின்று துக்கப்படுகிறவர்களுக்குத் துணையாக இருந்தார்கள். யாருக்கு எந்த முறை வேண்டுமோ அந்த முறை, காசு வாங்குவதில்லை. இதிலிருந்து 'மனத் துயர் ஆலோசனை அறை' என்ற அமைப்பு உண்டாயிற்று. தாயியோ கனேதா என்ற ஸென் பிக்கு ஒரு சிறு லாரியில் காப்பியும் கேக்கும் ஏற்றிக்கொண்டு தற்காலிக வீடுகளுக்குப் போவார். கடைக்குப் பெயர் 'காப்பே தெ மாங்க்'. ஆங்கிலத்தில் மாங்க் என்றால் பிக்கு; ஜப்பானில் மொங்கு என்றால் முணுமுணுப்பு, புகார். வந்து புகார் சொல்லுங்கள், நாங்களும் கூடச் சேர்ந்து முணுமுணுக்கிறோம் என்று அர்த்தம். சுனாமியின் 49-ஆம் நாளன்று அவரும் மற்றப் பிக்குகளும் ஒரு கிறிஸ்தவப் பாதிரியாரும் மினாமிசன்ரிக்கு ஊரின் இடிபாடுகளுக்கு நடுவே சேர்ந்து கடல் வரை நடந்தார்கள். 2012-ல் தோஹோகு பல்கலைக்கழகம் எல்லா மதத்தாருக்கும் பொதுவாக, மதம் பரப்பாமல் துக்கத்தில் துணை நிற்பதற்கு ஒரு பயிற்சியே ஏற்படுத்தியது.

தேநீர் வேளை

சேறு தீர்ந்த பிறகு வேலை மாறிற்று. அரசாங்கம் சுமார் 53,000 தற்காலிக வீடுகள் கட்டிக் கொடுத்தது. வரிசை வரிசையாகத் தகர டப்பா மாதிரி, மெல்லிய சுவர். இரண்டு வருஷத்துக்கு என்று சட்டம். ஏழு, எட்டு வருஷம் இருந்தவர்கள் உண்டு. குலுக்கல் முறையில் வீடு கொடுத்ததால் பழைய பக்கத்து வீட்டுக்காரர் எங்கோ, இவர் எங்கோ. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்து, இறந்தது நாட்கள் கழித்துத் தெரிய வந்த கேஸ்கள் நடந்தன.

அங்கே தொண்டர்கள் செய்தது தேநீர் வைப்பது. பொது அறையில் பாய் விரித்து, தேநீர், ஊறுகாய், பிஸ்கட் வைத்து உட்கார வேண்டும். தோஹோகு பேச்சில் இதற்கு 'ஓச்சாக்கோ' என்று செல்லப் பெயர். இன்னொன்று கால் கழுவுவது. வெந்நீர்த் தொட்டியில் வயதானவரின் காலை வைத்து, கையைப் பிடித்து மெதுவாகத் தேய்த்துவிடுவார்கள். 1995 கோபே பூகம்பத்துக்குப் பிறகு தொண்டர்கள் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை இது. கிறிஸ்தவம் என்று சொல்ல முடியாது. ஆனால் கிறிஸ்தவர்களுக்கு இதில் சொல்லாமலே புரியும் அர்த்தம் ஒன்று உண்டு. சீஷர்களின் காலைக் கழுவியவர் யார் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துக்கொண்டிருப்பதால் அந்த அமைதியில் ஜனங்கள் தாமாகவே பேசத் தொடங்கினார்கள்.

இங்கேதான் ஒரு வாரக் கோஷ்டியின் குறையும் தெரிகிறது. இந்த வாரம் ஒரு பாட்டி தன் பேரன் தண்ணீரில் போனதைச் சொல்லி அழுகிறாள். அடுத்த வாரம் வேறு ஆட்கள். மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். சில முகாம்களில் 'மன ஆறுதல் சொல்ல வருவோருக்கு அனுமதி இல்லை' என்று அட்டை எழுதி மாட்டினார்கள் என்றால், அது நன்றிகெட்டதனம் அல்ல, களைப்பு. மே மாதத் தொடக்கத்தில் ஜப்பானில் வரிசையாக லீவு வரும். அந்த வாரத்தில் தொண்டர் கூட்டம் நெரித்தது. லீவு முடிந்ததும் ஆள் இல்லை. சேறோ அப்படியே இருந்தது.

டிக்கெட் காசு

ஆபீசில் டீ நேரத்தில் இந்த விஷயத்தைப் பேசியபோது நண்பர் ஒருவர் கேட்டார்: "அந்த விமான டிக்கெட் காசை அப்படியே அனுப்பியிருந்தால் அந்த ஊர்த் தச்சனுக்குக் கூலியாவது கிடைத்திருக்குமே, சார்?" ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்ற கணக்கு. வாஸ்தவமான கேள்விதான். பணம் இல்லாத தேசமல்ல ஜப்பான். இப்படிக் கேட்டவர்கள் கிறிஸ்தவ சபைகளுக்குள்ளும் நிறைய.

ஆனால் பாருங்கள், 2011 ஏப்ரலில் இஷினோமாக்கியில் காசு கொடுத்தாலும் ஆள் கிடையாது. தச்சன் வீடும் சேற்றில்தான் இருந்தது. இரண்டாவது, போய் வந்தவன் மறப்பதில்லை. சில கோஷ்டிகள் ஒரே ஊருக்கு வருஷா வருஷம் போயின. சிலர் வேலையை விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். மூன்றாவது, வருகிறவர்கள் உள்ளூரில் செலவழித்தார்கள். 2012 பிப்ரவரியில் மினாமிசன்ரிக்கு ஊரில் தற்காலிகக் கொட்டகைகளில் கடைத்தெரு திறந்தபோது, வெளியூர்க்காரர் வந்து ஒரு கிண்ணம் மீன் சோறு சாப்பிடுவதே உதவி என்று ஊரார் சொன்னார்கள். முதல் மாதம் 'சாப்பாட்டை நீயே கொண்டு வா', அடுத்த வருஷம் 'எங்கள் கடையில் சாப்பிடு'. இந்த மாற்றத்தைக் கவனிக்காத கோஷ்டி, இரண்டாம் வருஷமும் ஊரிலிருந்து நூடுல்ஸ் பாக்கெட் சுமந்துகொண்டு போய், உள்ளூர்க் கடைக்காரர் பிழைப்பில் மண் போட்டது.

நம் தேசத்திலிருந்தும் ஒரு கோஷ்டி போயிற்று. மிஷன் கோஷ்டி அல்ல. தேசிய பேரிடர் மீட்புப் படையின் 46 பேர். அந்தப் படை வெளிநாட்டுக்குப் போனது அதுவே முதல் தடவை. மார்ச் மாதக் கடைசியில் மியாகியின் ஒனகாவா என்ற சிற்றூரில் குளிரிலும் இடிபாட்டிலும் சடலங்களைத் தேடிக் கொடுத்தார்கள்.

கோபேயும் தாம்பரமும்

ஜப்பானில் கிறிஸ்தவ நிவாரண வேலை 2011-ல் தொடங்கியதல்ல. கோபே நகரச் சேரியில் 1909 முதல் குடியிருந்து ஏழைகளுக்கு உழைத்த தோயோஹிகோ ககாவா, 1923 செப்டம்பர் 1-ல் தோக்கியோ பூகம்பம் என்று கேள்விப்பட்டதும் கப்பலேறிப் போனார். பிறகு ஹோன்ஜோ பகுதியில் கூடாரம் அடித்து வேலையைத் தொடங்கினார். கூட்டுறவுச் சங்கங்களைக் கட்டியவர் அவர். இவரை நம்மவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். 1938 டிசம்பரில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் நடந்த உலக மிஷன் மாநாட்டுக்கு வந்திருந்தார். அடுத்த மாதம் பர்தோலியில் காந்திஜியைச் சந்தித்தார்.

1995 ஜனவரி 17-ல் அதே கோபேயில் பூகம்பம். 6,434 பேர் இறந்தார்கள். தகத்தோரி கத்தோலிக்கக் கோவிலும் சுற்றுப்புறமும் எரிந்து போயின. கிறிஸ்துவின் சிலை மட்டும் நின்றது. அந்தப் பங்கில் வியட்நாமிலிருந்து வந்த அகதிகள் நிறைய. ஷிகேரு பான் என்ற கட்டடக் கலைஞர் தோக்கியோவிலிருந்து வந்து, காகிதக் குழாயால் கோவில் கட்டித் தருகிறேன் என்றார். பாதிரியார் முதலில் நம்பவில்லை. பான் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து பூசையில் உட்கார்ந்தார். கடைசியில் 58 காகிதக் குழாய்களை நிறுத்தி, 160 தொண்டர்கள் ஐந்து வாரத்தில் கட்டி முடித்தார்கள். தற்காலிகக் கட்டடம் என்று போட்டது பத்து வருஷம் நின்றது. பிறகு அதைப் பிரித்து, 1999-ல் பூகம்பத்தில் அடிபட்ட தைவான் கிராமம் ஒன்றுக்கு அனுப்பி வைத்தார்கள். இன்றும் அங்கே நிற்கிறது.

உதவி வாங்கிய சபை

புகுஷிமாவுக்கு வருகிறேன். அணுமின் நிலையத்துக்கு வெகு அருகில் புகுஷிமா முதல் பாப்டிஸ்ட் சபை என்று ஒன்று. உத்தரவு வந்ததும் ஊரே கட்டிய துணியோடு கிளம்பிற்று. சபையார் திசைக்கொருவராகச் சிதறினார்கள். அகிரா சாத்தோ என்ற பாதிரியார் அவர்களைத் தேடிச் சேர்த்தார். சுமார் 60 பேர் கூட்டமாக ஊர் ஊராகப் போய், தோக்கியோவுக்கு மேற்கே ஒக்குதாமா மலையில் ஒரு கிறிஸ்தவ முகாம் விடுதியில் கிட்டத்தட்ட ஒரு வருஷம் தங்கினார்கள். உதவி செய்ய வேண்டிய சபை உதவி வாங்கும் சபையாயிற்று. பிறகு தங்கள் மாகாணத்திலேயே தெற்கே இவாகி நகரத்தில் 2013-ல் புதுக் கோவில் கட்டினார்கள். அங்கேயும் தொண்டர் கோஷ்டிகள் வந்தன. ஆனால் அள்ளுவதற்கு அங்கே சேறு இல்லை. கதிரியக்கத்தைக் கழுவி ஊற்ற மண்வெட்டிக்கு வழி கிடையாது. வந்தவர்கள் கூட உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஊர்க்காரர்கள் தங்கள் பழைய வீட்டைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

2024 ஜனவரி 1-ந் தேதி, புத்தாண்டு விருந்து வேளையில், ஜப்பானின் மேற்குக் கரையில் நோத்தோ தீபகற்பம் குலுங்கியது. அளவு 7.6. குறுகலான மலைப் பாதைகள் அறுந்து போனதால், தனியாக யாரும் தொண்டுக்கு வர வேண்டாம் என்று இஷிகாவா மாகாண அதிகாரிகள் முதலிலேயே கேட்டுக்கொண்டார்கள். நிலைமை சீரானதும் தொண்டர்கள் பதிவு செய்துகொண்டு வந்தார்கள். தற்காலிக வீடுகள் எழும்பி, ஜனங்கள் குடியேறிச் சில மாதமே ஆகியிருந்தது. செப்டம்பர் 21-ந் தேதி பெருமழை பெய்து, வாஜிமா நகரத்தில் அந்தத் தற்காலிக வீடுகளுக்குள்ளேயே ஆற்று வெள்ளம் புகுந்தது. தொண்டர் மையங்களில் மறுபடியும் மண்வெட்டி, சாக்கு, ரப்பர் பூட்ஸ் எடுத்து வைத்தார்கள்.